பழைய இங்கிலீஷ் வரிசை வீட்டுல கோளாறா? முகப்ப நம்பாம, அறிகுறிய வெச்சு கண்டுபிடிக்கிற வழி

பாத், லண்டன், பிரிஸ்டல், பிரைட்டன்னு இங்கிலாந்துல எந்த பழைய ஊருக்குப் போனாலும் 1720க்கும் 1840க்கும் நடுவுல கட்டுன ஜார்ஜிய (ஜார்ஜ் மன்னர்கள் காலத்து பாணி) வரிசை வீடுங்க தெரு நீளத்துக்கு ஒட்டி நிக்கும். இப்போ அதுல பாதி ஃபிளாட்டா பிரிஞ்சு கிடக்கு, நம்ம ஆளுங்க நிறைய பேரு வாடகைக்கோ சொந்தமாவோ அதுல இருக்காங்க, எதாவது ஒழுகுச்சுன்னா உடனே ஒரு பில்டர கூப்பிட்டு சிமென்ட் பூசிடறாங்க. அங்க தான் பிரச்சனையே ஆரம்பிக்குது. இந்த வீடுகள்ல கோளாறு தெரியுற இடம் ஒண்ணு, கோளாறு இருக்கற இடம் வேற. ஏன்னா முகப்பு ஒரு கதை, அதுக்குப் பின்னாடி நிக்கற வீடு வேற கதை.

பாத்ல இருக்கற ராயல் க்ரெசன்ட் இதுக்கு சரியான உதாரணம். 1767ல ஆரம்பிச்சு 1775 வாக்குல முடிச்சாங்க, 30 வீடு, 114 அயோனிக் (தலையில சுருள் வெச்ச கிரேக்க பாணி) தூண், எல்லாம் சேர்ந்து ஒரே அரண்மனை மாதிரி, பிறை வடிவத்துல வளைஞ்சு நிக்கும். டிசைன் ஜான் வுட் இளையவரோடது, ஆனா அவரு கையில இருந்தது முன்பக்கம் மட்டும் தான். ஆளாளுக்கு முகப்புல இவ்ளோ நீளம்னு வாங்கிட்டு, பின்னாடி அவங்கவங்க சொந்தமா ஆள் வெச்சு இஷ்டத்துக்கு வீடு கட்டிக்கிட்டாங்க. அதனால பின்பக்கம் போய் பாத்தீங்கன்னா ஒரு வீடு உயரம், ஒண்ணு குட்டை, ஒண்ணு வெளிய துருத்திக்கிட்டு இருக்கும், ஜன்னல் எதுவும் ஒரே மட்டத்துல இருக்காது. கல்யாண வீட்டு வாசல்ல கட்டுற தெர்மாகோல் வளைவ முன்னாடி நின்னு பாத்தா கோபுரம், பின்னாடி போனா சவுக்குக் கட்டை, கிட்டத்தட்ட அதே கதை தான்.

அதனால எந்த அறிகுறியா இருந்தாலும் முதல் வேலை, தெருவுல நின்னு ஒரு தடவ, பின்பக்க தோட்டத்துல நின்னு ஒரு தடவ, முடிஞ்சா கூரை மேல ஏறி ஒரு தடவ பாக்கணும். மழை பெய்யும்போது பாத்தா இன்னும் நல்லது. அதுக்கப்புறம் கீழ இருக்கறதுல உங்க அறிகுறி எதுன்னு பாத்து அங்க போங்க.

மேல்மாடி சீலிங்ல ஈரக்கறை, ஆனா கூரை ஓடு எல்லாம் நல்லா தான் இருக்கு

லண்டன் பக்கம் வர்ற கோளாறுல இது தான் நம்பர் ஒன். தெருவுலருந்து பாத்தா கூரையே தெரியாது, நேரா ஒரு பாராபெட் சுவர் தான் தெரியும். அது அழகுக்காக மட்டும் வந்தது இல்ல. 1666 பெரிய தீ விபத்துக்கு அப்புறம் மரம் வெளிய தெரிஞ்சாலே பயம், 1707ல போட்ட சட்டம் லண்டன்ல மரத்துல செஞ்ச கொடுங்கைய (சுவருக்கு வெளிய நீட்டுற கூரை விளிம்ப) தடை பண்ணிடுச்சு, அதனால சுவர மேல வரைக்கும் ஏத்தி கூரைய அதுக்குப் பின்னாடி ஒளிச்சுட்டாங்க. ஒளிச்ச கூரை பெரும்பாலும் V வடிவம், ரெண்டு பக்க பொதுச்சுவர்லருந்தும் (பக்கத்து வீட்டோட பகிர்ந்துக்கற சுவர்) நடுவ நோக்கி சரிஞ்சு வரும், நடுவுல முன்னாடிலருந்து பின்னாடி வரைக்கும் ஒரு ஈயத்தகடு ஓடை. அதாவது மொத்த மழைத்தண்ணியும் உங்க படுக்கைக்கு நேர் மேல ஓடுது. யோசிச்சு தான் பண்ணாங்களான்னு எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம் தான், ஆனா விட்டம் குட்டையா போதும், மரச்செலவு கம்மி, அது தான் கணக்கு.

கறை வீட்டோட நடுக்கோட்டுல இருந்தா அந்த ஓடை தான் குற்றவாளி. முன் சுவர ஒட்டி இருந்தா பாராபெட்டுக்கு பின்னாடி போற மழைத்தண்ணி ஓடை. பொதுச்சுவர ஒட்டி இருந்தா, சுவரும் கூரையும் சேர்ற இடத்துல செருகி வெச்ச ஈயப்பட்டை கழண்டிருக்கும், இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் பிரச்சனை.

அடுத்து நேரத்த கவனிங்க. மழை கொட்டும்போது மட்டும் ஒழுகி, நின்னதும் நின்னுட்டா ஓடையில இலை, புறாக்கூடு எதாவது அடைச்சு தண்ணி தகட்டு விளிம்ப தாண்டி உள்ள வருது, சுத்தம் பண்ணா போதும். சாதாரண தூறலுக்கே ஒழுகுச்சுன்னா தகடு கிழிஞ்சிருக்கு. ஈயம் வெயிலுக்கு நீளும், குளிருக்கு சுருங்கும், ஒரே துண்டா நீளமா விரிச்சு ஆணி அடிச்சா நாளடைவுல சோர்ந்து குறுக்க வெடிச்சிடும். தகட்டோட கனத்தப் பொறுத்து தோராயமா ஒன்றரை மீட்டர்லருந்து மூணு மீட்டருக்கு ஒரு படி வெச்சு துண்டு துண்டா போடணும், அது தான் முறை. மேல டார் பூசறதும் ஃபிளாஷிங் டேப் ஒட்டறதும் ரெண்டு குளிர்காலம் தாங்காது, அதுவும் இல்லாம அடுத்து வர்ற ஆளுக்கு வெடிப்பு எங்க இருக்குன்னு தெரியாம மறைச்சிடும். தகட மாத்தறப்போ கீழ இருக்கற பலகையையும் வாட்டத்தையும் பாக்க சொல்லுங்க, பலகை உளுத்து தொய்ஞ்சிருந்தா புதுத்தகடும் குட்டை கட்டும்.

முன் சுவர் வயிறு தள்ளுது

தெரு ஓரத்துல நின்னு சுவர ஒட்டி ஒரு கண்ண மூடி மேல பாருங்க. முதல் மாடி இரண்டாம் மாடி உயரத்துல லேசா வெளிய உப்பி இருக்கா? மேல ஜன்னல்லருந்து தூக்குக்குண்டு விட்டா எவ்ளோன்னு கணக்கா தெரிஞ்சிடும்.

இதுக்குக் காரணம் ஒரு அழகான திருட்டுத்தனம். ஜார்ஜிய செங்கல் முகப்புல ஒரே வரிசையில நீளக்கல், தலைக்கல், நீளக்கல், தலைக்கல்னு மாறி மாறி தெரியும். தலைக்கல்னா செங்கல் குறுக்க உள்ள போய் பின்னாடி இருக்கற சுவர கட்டிப்பிடிக்கணும். ஆனா முகப்புக்கு வாங்குன நல்ல செங்கல் விலை ஜாஸ்தி, பின்னாடி போடறது மட்டமான செங்கல், அளவும் வேற, வரிசை சேராது. அதனால தலைக்கல்ல பாதியா உடைச்சு வெறும் முகத்த மட்டும் காட்டி ஒட்டிட்டாங்க. வெளிலருந்து பாத்தா ஒன்றரை செங்கல் கனமான பலமான சுவர், உண்மையில அரை செங்கல் தோல் ஒண்ணு தனியா, அங்கங்க மட்டும் பின்சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு மேல சுவருக்குள்ளயே படுக்கவாக்குல மரக்கட்டைய வெச்சுக் கட்டியிருப்பாங்க, அன்னிக்கு கலவை காயறதுக்குள்ள சுவர் அசையாம இருக்க, பலகை அடிக்க. இருநூறு வருஷத்துல அந்தக் கட்டை உளுத்து நசுங்க, பின்பக்கம் இறங்குது, முன் தோல் அப்படியே நிக்குது, நடுவுல உப்புது.

பில்டரையும் ரொம்ப திட்ட முடியாது. நிலம் பிரபுக்களோடது, கட்டறவன் குத்தகைக்கு எடுத்து கட்டி வித்துட்டுப் போறான், 99 வருஷம் கழிச்சு நிலமும் வீடும் திரும்ப பிரபு குடும்பத்துக்கே போயிடும். அவன் பேரனுக்குக் கூட இல்லாத வீட்டுக்கு அவன் எதுக்கு முழு செங்கல் வெக்கணும்?

செய்ய வேண்டியது இது தான். உள்ள தரைப்பலகை எந்த திசையில ஓடுதுன்னு பாருங்க. பலகை எப்பவும் கீழ இருக்கற விட்டத்துக்குக் குறுக்க தான் ஓடும். பலகை முன் சுவருக்கு இணையா ஓடுச்சுன்னா விட்டம் முன் சுவருக்குள்ள போய் உக்காந்திருக்கு, ஓரளவு பிடிப்பு இருக்கும், முனை உளுத்துப் போகாம இருந்தா. பலகை முன்னாடிலருந்து பின்னாடி ஓடுச்சுன்னா விட்டமெல்லாம் முன் சுவருக்கு இணையா ஓடுது, அப்போ அந்த சுவர உள்ள இழுத்துப் பிடிக்க ஒண்ணுமே இல்ல, உப்பறதுல ஆச்சரியம் இல்ல. உப்பல் பழசா, இப்பவும் நகருதான்றது தான் முக்கியமான கேள்வி. சீலிங்குக்கும் முன் சுவருக்கும் நடுவுல புது இடைவெளி, ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் நடுவுல வெள்ளையா புது விரிசல் தெரிஞ்சா நகருது. உடனே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், அதுவும் பழைய கட்டடம் பாத்து பழகுனவர். பெரும்பாலும் சுவர இடிக்க வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையால தரையோட கட்டுவாங்க, முன் தோலையும் பின்சுவரையும் மெல்லிசு கம்பியால தைப்பாங்க. பழைய வீட்டு சுவர்கள்ல X மாதிரியும் S மாதிரியும் இரும்புத்தகடு பாத்திருப்பீங்களே, அதே வேலையோட பழைய வடிவம் தான் அது.

விரிசல்

அகலத்த அளங்க. பயந்து ஓடறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேல் வெச்சா போதும். அங்க பொதுவா எல்லாரும் வெச்சிருக்கற அளவுகோல்படி 1 மி.மீ. வரைக்கும் பெயின்ட் வேலை, 5 மி.மீ. வரைக்கும் பூச்சு வேலை, 5லருந்து 15 வந்தா கொஞ்சம் செங்கல் மாத்தற வேலை, கதவு ஜன்னல் இறுகும், 15க்கு மேல போனா சீரியஸ், 25 தாண்டுனா உள்ள இருக்கறதே ஆபத்து.

அப்புறம் வடிவம். ஜன்னலுக்கு நேர் மேல, தட்டையான செங்கல் வளைவுல நடுக்கல் இறங்கி நிக்குதா? அந்த வளைவு வெறும் முகம் தான், பின்னாடி பாரம் தாங்கறது ஒரு மர லிண்டல். லிண்டல் உளுத்தா வளைவு இறங்கும். வெளில கலவை அடைச்சு பிரயோஜனம் இல்ல, உள்பக்கம் ஜன்னல் மேல்பெட்டிய திறந்து மரத்துல ஒரு ஸ்க்ரூடிரைவர குத்திப் பாருங்க, வெண்ணெய் மாதிரி உள்ள போனா விஷயம் முடிஞ்சது.

படிக்கட்டு மாதிரி குறுக்க ஏறுற விரிசல், ஒரு முனையில அகலம், இன்னொரு முனையில ஒண்ணுமில்ல, கோடையில விரியுது மழைக்காலத்துல மூடுது, வெளில பெரிய மரம் ஒண்ணு நிக்குதுன்னா லண்டன் களிமண் வேலை. இந்த வீடுகளுக்கு அஸ்திவாரம்னு சொன்னா செங்கல்ல ரெண்டு மூணு படி அகலமா வெச்சிருப்பாங்க, அவ்ளோ தான், ஆழம் கிடையாது. 1976 வறட்சியில தெற்கு இங்கிலாந்துல களிமண் சுருங்கி எக்கச்சக்க வீடு விரிசல் விட்டு, அதுக்கப்புறம் தான் இன்ஷூரன்ஸ்காரங்களுக்கே இது பெரிய விஷயமாச்சு. மரத்த நீங்களா வெட்டிடாதீங்க. அனுமதி பிரச்சனை ஒரு பக்கம், வெட்டுனதுக்கப்புறம் களிமண் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடிச்சு உப்பி வீட்ட மேல தூக்கும், அது இன்னொரு தலைவலி.

ஜன்னல் படி சாய்ஞ்சிருக்கு, கதவு மேல ஒரு பக்கம் ஒசரமா இருக்கு, ஆனா கதவ அந்த சாய்வுக்கு ஏத்த மாதிரியே செதுக்கி மாட்டியிருக்காங்க, அதச் சுத்தி எந்த விரிசலும் இல்லைன்னா, அது எப்பவோ இறங்கி உக்காந்து முடிஞ்ச விஷயம். விட்டுடுங்க. ரசமட்டம் வெச்சு நேராக்கணும்னு ஆசைப்படற பில்டர வீட்டுக்குள்ளயே விடாதீங்க.

கீழ் சுவர்ல ஓதம், உப்பு பூக்குது, பெயின்ட் செதில் செதிலா உரியுது

இதுக்கு ஒரு சேல்ஸ்மேன் வருவாரு, கையில ஒரு மீட்டர், சுவர்ல குத்துவாரு, பீப் பீப்னு கத்தும், கீழருந்து ஈரம் ஏறுது, கெமிக்கல் இன்ஜெக்ஷன் போடணும், இவ்ளோ ஆயிரம் பவுண்டுன்னு சொல்லுவாரு. அந்த மீட்டர் மரத்துக்கு செஞ்சது, சுவர்ல உப்பு இருந்தாலே கத்தும்.

இந்த வீடுகள் கட்டும்போது அடிச்சுவர்ல ஈரத்தடுப்புப் பட்டைன்ற பழக்கமே இல்ல, அது 1870களுக்கு அப்புறம் வந்தது. அப்போ எப்படி இத்தன காலம் நின்னுச்சு? செங்கல், சுண்ணாம்புக் கலவை, சுண்ணாம்புப் பூச்சு, மூணுமே ஈரத்த வாங்கும், வெளிய விடும். உள்ள ஏறுனது காத்துல காய்ஞ்சு போயிடும். அந்த வாசல அடைச்சா தான் சிக்கல். வெளில சிமென்ட் பாயிண்டிங் (செங்கல் சந்த கலவையால அடைக்கறது), உள்ள சிமென்ட் பூச்சு, மேல பிளாஸ்டிக் பெயின்ட். ஈரம் வேற வழி தேடி இன்னும் மேல ஏறும், இல்ல செங்கல்லயே தங்கி பனிக்காலத்துல உறைஞ்சு முகத்த உடைச்சு தள்ளும். செங்கல் முகம் குழிஞ்சு, சுத்தி சிமென்ட் கோடு மட்டும் சட்டம் மாதிரி துருத்திட்டு நிக்கற சுவர் பாத்தீங்கன்னா அது தான்.

இந்த வரிசையில பாருங்க: மழைக்குழாய் உடைஞ்சிருக்கா, பின்பக்கம் சுவரோட ஒட்டற பக்கம்? வெளித்தரை உள்தரைய விட மேல ஏறிடுச்சா? மரத்தரைக்கு கீழ காத்து போக வெச்ச இரும்பு ஜாலிய யாராவது அடைச்சாங்களா? குளியலறை காத்தாடி வேலை செய்யுதா, இல்ல துணிய உள்ள காயப்போட்டு வர்ற ஆவி தானா? கோளாறுல முக்கால்வாசி இதுலயே முடிஞ்சிடும். அப்புறம் சிமென்ட பொறுமையா கையால எடுத்துட்டு சுண்ணாம்புல பாயிண்டிங் பண்ணுங்க, மெஷின் வெச்சு அறுத்தா செங்கல் விளிம்பும் போயிடும். 5 டிகிரிக்கு கீழ குளிர் போற சீசன்ல சுண்ணாம்பு வேலை வேண்டாம், இறுகறதுக்குள்ள உறைஞ்சு உதிரும். சுவர் காய மாசக்கணக்கு ஆகும், ஈரம் இன்னும் இருக்கேன்னு அவசரப்பட்டு திரும்ப அடைச்சிடாதீங்க.

பேஸ்மென்ட்ல முன்பக்கம் மட்டும் ஈரம், பின்பக்கம் காஞ்சு கிடக்கு

இதப் புரிஞ்சிக்க தெரு எப்படி வந்துச்சுன்னு தெரியணும். பேஸ்மென்ட்டுக்கு ஆழமா தோண்டல, கொஞ்சம் தான் தோண்டுனாங்க, தோண்டுன மண்ண முன்னாடி கொட்டி தெருவையே ஒசத்திட்டாங்க. அதனால முன்பக்கம் பாதாளம் மாதிரி தெரியற அறை பின்பக்கம் தோட்டத்து மட்டத்துல இருக்கும், அதுவே பழைய நில மட்டம். முன்னாடி வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவுல ஒரு பள்ளமான முற்றம், அதத் தாண்டி நடைபாதைக்கு கீழ செங்கல் வளைவுல நிலக்கரி அறைகள். நடைபாதையில வட்டமா இரும்பு மூடி பாத்திருப்பீங்க, அது வழியா தான் கரிய கொட்டுவாங்க, கரிக்காரன் வீட்டுக்குள்ள கால் வெக்க வேண்டாம்.

ஈரம் அந்த அறைகள்ல இருந்தா அது இயல்பு, அதுக்கு மேல ஊரே நடக்குது, மழை கல்லு சந்து வழியா இறங்குது. அந்த அறைய பெட்ரூம் ஆக்கணும்னு நினைச்சா உள்பக்கம் குமிழ் குமிழா இருக்கற பிளாஸ்டிக் ஷீட்ட மாட்டி, கீழ வடிகால் வெச்சு பம்ப் பண்றது தான் வழி, செங்கல்ல சிமென்ட் அப்பக்கூடாது. வீட்டு முன் சுவர்லயே ஈரம்னா முற்றத்து வடிகால் அடைப்ப முதல்ல பாருங்க. மழை இல்லாத நாள்லயும் ஈரம் கூடிட்டே போச்சுன்னா தெருவுல தண்ணிக் குழாய் கசியுதான்னு தண்ணிக் கம்பெனிய சோதிக்க சொல்லுங்க.

புகைபோக்கி சுவர்ல பழுப்புக் கறை, மழை நாள்ல ஈரம், வெயில் நாள்ல காணோம்

நூறு வருஷத்துக்கு மேல கரி எரிச்ச உப்பு அந்த சுவருக்குள்ள இருக்கு, காத்துல ஈரம் கூடுனா அது உறிஞ்சும். அடுப்ப மூடி செங்கல் வெச்சு அடைச்சவங்க காத்துக்கு ஒரு ஓட்டை விடாம போயிருப்பாங்க. கீழ ஒரு ஜாலி, மேல புகைபோக்கி வாய்ல தொப்பி, கறை படிஞ்ச பூச்ச மட்டும் கொத்தி எடுத்துட்டு சுண்ணாம்புல பூசிடுங்க. பக்கத்து வீட்டுப் புகை உங்க ரூம்ல நாறுச்சுன்னா பொதுச்சுவருக்குள்ள ரெண்டு குழாய்க்கு நடுவுல இருக்கற தடுப்பு உடைஞ்சிருக்கு. அது கார்பன் மோனாக்சைடு சமாச்சாரம், அலாரம் மாட்டிட்டு அன்னிக்கே அவங்கள அடுப்ப நிறுத்த சொல்லணும்.

கீழ் ரூம்ல புகைபோக்கிக்காக துருத்திக்கிட்டு நிக்கற அந்த சுவர காணோம், மேல் ரூம்ல இருக்குன்னா யாரோ இடத்துக்கு ஆசைப்பட்டு இடிச்சிருக்காங்க. மேல டன் கணக்கா செங்கல் எது மேல நிக்குதுன்னு உடனே பாக்கணும்.

ஜன்னல் திறக்கல, இல்ல திறந்தா டமால்னு விழுது

இந்த ஜன்னல் கதவு மாதிரி திறக்காது, ரெண்டு சட்டம் மேலயும் கீழயும் நகரும். திறக்கலன்னா பெரும்பாலும் பெயின்ட் ஒட்டிக்கிச்சு. மெல்லிசு பிளேடால ஓரமா கீறி, உள்பக்க மரப்பட்டைய நெம்பி எடுத்தா கீழ் சட்டம் வெளிய வந்துடும். விழுதுன்னா கயிறு அறுந்துடுச்சு. ரெண்டு பக்கமும் பெட்டிக்குள்ள இரும்பு இல்ல ஈய எடைக்குண்டு தொங்கும், பெட்டியோட அடியில ஒரு சின்ன மூடி இருக்கும், பெயின்ட் மறைச்சிருக்கும், தட்டிப் பாத்தா தெரியும். மெழுகு போட்ட பருத்திக் கயிறு வாங்குங்க, நைலான் வழுக்கி முடிச்சு நிக்காது. குண்டோட எடை சட்டத்தோட எடைக்கு சமமா இருக்கணும், மேல் சட்டத்துக்கு கொஞ்சம் கூட, கீழ் சட்டத்துக்கு கொஞ்சம் கம்மி, அப்போ தான் மூடுனா மூடியபடி நிக்கும். டபுள் கிளாஸ் போட்டுட்டு பழைய குண்டையே விட்டா கண்டிப்பா விழும். குளிருக்கு பயந்தா உள்பக்கம் தனியா ரெண்டாவது கண்ணாடி சட்டம் மாட்டிக்கோங்க, பழைய அலையடிக்கிற கண்ணாடிய தூக்கிப் போட்டுடாதீங்க, அது ஊதி சுழட்டி செஞ்ச கண்ணாடி.

சொருகலா ஒரு விஷயம். ஜன்னல் சட்டம் சுவரோட முகத்துக்கே வெளிய தெரியுதா, நாலு அங்குலம் உள்ள தள்ளி இருக்கா, இல்ல பெட்டியே செங்கலுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கா? லண்டன்ல 1709 சட்டம் உள்ள தள்ள சொல்லுச்சு, 1774 சட்டம் செங்கலுக்குப் பின்னாடி மறைக்க சொல்லுச்சு, எல்லாம் தீ பயம். ஊர் விட்டு ஊர் மாறும், பழைய ஸ்டைல விடாதவங்களும் உண்டு, இருந்தாலும் வீட்டு வயச ஒரு பார்வையில ஊகிக்க நல்ல குறி. சட்டத்தோட மூலையில கொம்பு மாதிரி நீட்டிட்டு இருந்தா அது விக்டோரியா காலத்துல மாத்துன ஜன்னல்.

நடு ரூம்ல தரை தொய்யுது, நடந்தா பீரோ ஆடுது

முன் ரூமும் பின் ரூமும் சேர்த்து ஒரே ஹாலா திறந்திருக்கா? அந்த நடுத்தடுப்பு வெறும் பலகைச் சுவர்னு நினைச்சு எடுத்திருப்பாங்க. ஜார்ஜிய வீட்டுல மரத்தடுப்புக்குள்ளயே குறுக்குச்சட்டம் வெச்சு பாலம் மாதிரி பாரம் தாங்க வெச்சிருப்பாங்க, மேல் மாடி மொத்தமும் அதுல தொங்கும். மேல் மாடியில அதே கோட்டுல தடுப்பு இருந்து, கீழ ஸ்டீல் உத்தரம் எதுவும் தெரியலன்னா இன்ஜினியர கூப்பிடுங்க, அது வரைக்கும் புத்தக அலமாரிய நடுவுல வெக்காதீங்க.

தொய்வு நடுவுல இல்லாம சுவரோரமா இருந்தா விட்டத்தோட முனை உளுத்திருக்கு. பலகைய தூக்கிப் பாருங்க. காளான் வாசனையும் செங்காவித்தூள் மாதிரி படிஞ்சதும் இருந்தா அது உலர் உளுப்புன்னு சொல்ற பூஞ்சை. பேர் தான் உலர், அதுக்கு ஈரம் வேணும், மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்கு கீழ போனா பரவாது. ஆனா செங்கல் சுவரத் தாண்டி அடுத்த மரத்த தேடிப் போகும், வரிசை வீட்டுல அதான் பயம். ரீஜன்ட்ஸ் பார்க்க சுத்தி ஜான் நாஷ் 1820கள்ல போட்ட வெள்ளை அரண்மனை வரிசைகள் இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் குண்டும் இந்த உளுப்பும் சேர்ந்து இடிச்சுடலாமான்னு பேசற நிலைக்கு வந்துச்சு, 1947ல அரசு வெச்ச கோரெல் கமிட்டி காப்பாத்தணும்னு சொல்லி, நிறைய இடத்துல முகப்ப நிறுத்திட்டு பின்னாடி புதுசா கட்டுனாங்க. மருந்து அடிக்கறது ரெண்டாவது, தண்ணி வர்ற வழிய அடைக்கறது முதல்.

கல் முகப்பு கருப்பா ஓடு கட்டியிருக்கு, சில இடம் வெள்ளையா இருக்கு

பாத் கல் சுண்ணாம்புக் கல். கரிப்புகையில இருந்த கந்தகம் அதோட சேர்ந்து ஜிப்சம் ஆகி, மழை படாத இடத்துல கருப்பு ஓடா தங்கிடுது, மழை அடிக்கற இடம் கழுவிக்கிட்டு வெள்ளையா நிக்குது. கார்னிஸ் அடியில கருப்பு, முன்னாடி தள்ளுன இடம் வெளுப்பு, இது இயல்பு. ஓடு கொப்புளம் மாதிரி எழும்பி உள்ள மாவா உதிர்ந்தா தான் வைத்தியம். மணல் அடிக்கற மெஷின வெக்கவே கூடாது, கல்லோட தோலே போயிடும். நல்லா தெரிஞ்ச ஆள் மெல்லிசா தண்ணி மூடுபனி மாதிரி விட்டு ஊற வெச்சு பிரஷ்ல எடுப்பாங்க, இல்ல பத்து போட்டு இழுப்பாங்க. கல்லு புத்தக ஏடு மாதிரி முகம் முகமா உரிஞ்சா, கல்லோட இயற்கை அடுக்கு படுத்திருக்கணும், கொத்தனார் அத நிக்க வெச்சு கட்டிட்டாரு, அந்தக் கல்ல மாத்தறது தவிர வழி இல்ல. மூலையில வெடிச்சு துருக்கறை வந்தா உள்ள இரும்புக் கொக்கி துருப்பிடிச்சு பெருத்திருக்கு.

கோளாறு மாதிரி தெரியும், கோளாறு இல்ல

அடைச்ச ஜன்னல் பாத்தா எல்லாரும் ஜன்னல் வரி (ஜன்னல் எண்ணிக்கைக்கு போட்ட வரி) தான் காரணம்னு சொல்லுவாங்க. 1696லருந்து 1851 வரைக்கும் வரி இருந்தது உண்மை, அதுக்காக அடைச்சதும் உண்டு. ஆனா நிறைய கட்டும்போதே பொய் ஜன்னல், பின்னாடி புகைக்குழாய் இல்ல குறுக்குச் சுவர் இருக்கும், வெளில சமச்சீரா தெரியணும்னு வெச்சது. திறக்கலாம்னு உடைச்சீங்கன்னா கரி தான் கொட்டும். பின்பக்க ஜன்னல் ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்குற மாதிரி இருக்கறதும் கோளாறு இல்ல, அது படிக்கட்டு திரும்பற இடம். ராயல் க்ரெசன்ட்ல சில ஜன்னல் கீழ நீண்டு தெரிஞ்சா அது 19ஆம் நூற்றாண்டுல வெளிச்சத்துக்கு படிய இறக்குனது.

எனக்குப் பிடிச்சது லண்டன் பெட்ஃபோர்ட் ஸ்குவேர். 1775லருந்து 1783 வரைக்கும் கட்டுனது. வடக்கு, தெற்கு வரிசைகள்ல நடுவுல முக்கோண முடி, அதுக்கு கீழ அஞ்சு சுவர்த்தூண். கிரேக்க ரோம கணக்குல நடுவுல வாசல் இல்ல ஜன்னல் வரணும், தூண் வரவே கூடாது. ஆனா அந்த நடு அரண்மனை உண்மையில ரெண்டு வீடு, நட்டநடுவுல பொதுச்சுவர் ஓடுது, அங்க ஜன்னல் எப்படி வெக்க முடியும்? தூண வெச்சு மூடிட்டாங்க. முகமூடிக்குப் பின்னாடி இருக்கற வீடு எட்டிப் பாக்கற ஒரே இடம் அது.

வேலைய ஆரம்பிக்கலாம்னு இருக்கீங்க

நில்லுங்க. இந்த வீடுகள் நிறைய பட்டியல் கட்டடம், அதாவது சட்டப்படி பாதுகாக்கற பழைய கட்டடம், கிரேடு 1, 2 நட்சத்திரம், 2ன்னு. பட்டியல்ல இருந்தா உள்ள இருக்கற படிக்கட்டு, சீலிங் பூவேலை, கதவு வரைக்கும் சேர்த்தி, முகப்பு மட்டும்னு நினைக்காதீங்க. கவுன்சில் அனுமதி இல்லாம மாத்துனா 1990 சட்டப்படி கிரிமினல் குற்றம். உள்ளது உள்ளபடி அதே பொருள்ல ரிப்பேர் பண்ண பொதுவா அனுமதி வேண்டாம், இருந்தாலும் கவுன்சில்ல பழைய கட்டடம் பாக்கற ஆபீசர ஒரு வார்த்த கேட்டு மெயில்ல பதில் வாங்கி வெச்சுக்கோங்க. ராயல் க்ரெசன்ட்ல 22ஆம் நம்பர் வீட்டம்மா 1970கள்ல கதவ மஞ்சளா பெயின்ட் பண்ணிட்டாங்க, வெள்ளையாக்குன்னு நோட்டீஸ் வந்து விசாரணை வரைக்கும் போச்சு, அந்தம்மா விடல, ஜெயிச்சாங்க. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் அடிக்காது.

பொதுச்சுவர தொடற வேலைன்னா 1996 சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு முன்கூட்டியே எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும். வீடு வாங்கப் போறவங்களா இருந்தா வக்கீல்கிட்ட ஒரே ஒரு கேள்வி கண்டிப்பா கேளுங்க: பிளாஸ்டிக் ஜன்னல், இடிச்ச தடுப்பு, எடுத்த புகைபோக்கி, இதுக்கெல்லாம் அனுமதிக் காகிதம் இருக்கா? திருத்த சொல்லி கவுன்சில் நோட்டீஸ் விட காலக்கெடு கிடையாது, முந்தின ஓனர் முப்பது வருஷம் முன்னாடி பண்ணதுக்கு இன்னிக்கு சாவி யார் கையில இருக்கோ அவங்க தான் செலவு பண்ணி பழையபடி ஆக்கணும். காகிதம் இல்லன்னா அந்த செலவ விலையில கழிக்க சொல்லுங்க.